என்னைக் கேட்காமல் அழித்த செட்டிங்

எங்கள் கடையில் பொரிக்கிற அடுப்பு என்னுடையது. சுங்கை பினாங்கில் அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே இருக்கிற வாழையிலைச் சாப்பாட்டுக் கடை அது. கடை மகளுடையது, கல்லா மகளுடையது, கடையில் பேசுகிற உரிமையும் பெரும்பாலும் அவளுடையது. எனக்கு இருப்பது குவாலி என்று நாங்கள் சொல்கிற ஒரு பெரிய வாணலி, ஒரு நீளக் கரண்டி, சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் சுவரை வெட்டி வைத்த ஒரு ஜன்னல். மீன், கோழி, கணவாய், பாகற்காய், அப்பளம், முட்டை என்று எது எண்ணெயில் விழுந்து எழ வேண்டுமானாலும் என்னைத் தாண்டித்தான் இலைக்குப் போக வேண்டும்.

மகளுக்கு இதில் அவ்வளவாக இஷ்டமில்லை.

"வயசாச்சும்மா. வீட்ல ஒக்காந்து டிவியில நாடகம் பாருங்கலா."

நானும் பார்த்தேன். அதில் ஒரு மாமியார் மருமகளுக்குப் பாலில் விஷம் வைக்கிறாள். வைத்துவிட்டு, அந்த டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு வாரக்கணக்காக நிற்கிறாள். எனக்குப் பொறுக்கவில்லை. அதற்குள் நான் ஒரு கூடை கோழி பொரித்திருப்பேன்.

ஆனாலும் மகள் காத்துக்கொண்டுதான் இருந்தாள். நான் வழுக்கி விழவேண்டும், அல்லது கையைச் சுட்டுக்கொள்ளவேண்டும், அல்லது தட்டு மாறிப் போகவேண்டும். ஒரு காரணம் கிடைத்தால் போதும், என்னை மேலே நாலாவது மாடியில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு அனுப்பி அந்தப் பால் டம்ளருக்கு முன்னால் உட்கார வைத்துவிடுவாள். இது எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.

இப்போது பேரனுக்கு வருகிறேன். பத்து காவானில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் வேலை. நல்ல பிள்ளை, ஆனால் சுத்தக்காரன். அவன் அறைக்குள் போனால் யாரோ காலி செய்துவிட்டுப் போன வீடு மாதிரி இருக்கும். கட்டில் ஒன்று, சட்டை ஐந்தாறு, அவ்வளவுதான். பழசு என்று ஒன்று அவன் கண்ணில் பட்டால் அன்றைக்கே அது குப்பைக்குப் போகும். அவன் வீட்டுக்கு வந்தால் நான் சோபாவில் அசையாமல் உட்காருவதில்லை. எதற்கும் காலை ஆட்டிக்கொண்டே இருப்பேன்.

அவன்தான் கடைக்கு இந்த மெஷினை எல்லாம் வைத்துக் கொடுத்தவன். ஆர்டர் எடுக்கிற பெண் மேசையில் நின்று கையிலிருக்கிற பலகையைத் தட்டினால், என் அடுப்புக்கு மேலே இருக்கிற சின்ன மெஷின் நாக்கை நீட்டுகிற மாதிரி ஒரு சீட்டை நீட்டும். நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தமிழை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். இங்கிலீஷில் நம்பர் மட்டும் தெரியும். அதனால் அவன் என் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, நான் என்ன பேர் சொல்கிறேனோ அந்தப் பேரையே தமிழில் அடித்து வைத்தான். "தெங்கிரி நடுத்துண்டு", "கோழிக் கால், மொறுமொறு", "கணவாய், லேசா" என்றெல்லாம் சீட்டு என் வாயாலேயே என்னிடம் பேசும். இப்படி நமக்கு வேண்டிய மாதிரி எழுதி வைக்கிறதுக்கு செட்டிங் என்று பேர். அது மெஷினுக்குள்ளே ஒரு ஃபைலில் இருக்கும் என்றும் அவன்தான் சொன்னான்.

கொஞ்ச காலம் நன்றாகத்தான் ஓடியது. ஒரு நாள் மதியம் அந்த மெஷினுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. யாரோ ஒருவர் கேட்ட ஒரே ஒரு பாகற்காயை நிறுத்தாமல் அச்சடித்துத் தள்ளியது. சீட்டு என் தோளில் விழுந்து தரையில் சுருண்டது. வேலை முடிந்து சாயங்காலம் பேரன் வந்தான், என்னவோ தட்டினான், "பழைய புரோகிராமை எடுத்துட்டுப் புதுசு போட்டுட்டேன்" என்றான். ரெண்டு வடையைத் தின்றான், போய்விட்டான்.

மறுநாள் முதல் சீட்டு இங்கிலீஷில் வந்தது. அதுவும் எறும்பு சைஸில்.

நான் எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால் குனிந்துகொண்டு அவனுக்குப் போன் போட்டேன்.

"என் தமிழ் எங்கடா போச்சு?"

 "அய்யோ பாட்டி" என்றான்.

புரோகிராம்களைப் போடவும் எடுக்கவும் தனியாக ஒரு புரோகிராம் இருக்கிறதாம். அதற்குப் பேக்கேஜ் மேனேஜர் என்று பேர்.

"அது ரெண்டு விதமா எடுக்கும் பாட்டி. ஒண்ணு, புரோகிராம மட்டும் எடுத்துட்டு செட்டிங் ஃபைல அப்படியே விட்டுட்டுப் போயிரும். இன்னொண்ணு, எல்லாத்தையும் சேர்த்து வழிச்சு எடுத்துரும்."

"நீ எதைச் செஞ்ச?"

"நான் எப்பவும் வழிச்சு எடுத்துருவேன்."

"ஒரு காப்பி எடுத்து வைக்கலையா?"

"காப்பி எடுத்து வச்சா அதுவும் குப்பைதானே பாட்டி."

இவன் குழந்தையாக இருந்தபோது இவன் தொட்டிலை மட்டும் நான் எதற்கு மாசக்கணக்காக ஆட்டினேன் என்று அந்த நேரத்தில் யோசித்தேன்.

"திங்கக்கிழமை கடை லீவு, அன்னிக்கு வந்து முதல்லேர்ந்து எல்லாத்தையும் அடிச்சுத் தரேன். அதுவரைக்கும் அம்மாகிட்ட சொல்லிராதீங்க. என்னைக் கொன்னுருவாங்க."

"நான் ஏன்டா சொல்லப்போறேன். எனக்குப் படிக்கத் தெரியலன்னு அவளுக்குத் தெரிஞ்சா, அன்னிக்கே மேல அனுப்பிருவா."

ஆக, எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே மூச்சில் ஒப்பந்தம் ஆகிவிட்டது.

சீட்டில் எனக்குப் புரிந்தது நம்பர் மட்டும்தான். எந்த மேசை, எத்தனை என்பது தெரியும். என்ன என்பது தெரியாது. ஆர்டர் எடுக்கிற பெண்ணைக் கையில் போட்டுக்கொள்ளலாம் என்று அவளுக்குக் கோழித் தோல் பொரித்துக் கொடுத்துப் பார்த்தேன். அவளும் தின்றுகொண்டே ஜன்னலில் சாய்ந்து ஒவ்வொன்றாக மெதுவாக வாசித்துக் காட்டினாள். ஆனால் கூட்ட நேரத்தில் அவளால் எத்தனை தடவை வர முடியும்? அதோடு வாயில் தோலை வைத்துக்கொண்டு அவள் வாசித்தால் கோழியும் கணவாயும் ஒரே மாதிரிதான் கேட்டது.

வேறு வழியில்லாமல் ஜன்னல் வழியாக மேசையைப் பார்த்து, ஆளின் முகத்தை வைத்துப் பொரிக்க ஆரம்பித்தேன்.

ஆறாம் மேசை, ரெண்டு. எட்டிப் பார்த்தால் புதுசாகக் கல்யாணமான ஜோடி. அந்தப் பெண்ணின் கையில் மருதாணி கூட இன்னும் அழியவில்லை. இதுகள் நண்டு கேட்டிருக்காது. ஒருத்தர் முன்னால் ஒருத்தர் நண்டைக் கடித்து உடைக்கக் கல்யாணமாகி ரெண்டு வருஷமாவது ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டு, கோழி அனுப்பினேன். அந்தப் பெண் கேட்டது நண்டுதான். அதுவும் ரெண்டும் அவளுக்கே. பையன் வெறும் ரசத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

மூன்றாம் மேசை, ஒன்று. ஒல்லியான மனிதர், பள்ளிக்கூட வாத்தியார் போல இருந்தார். இவர் கொஞ்சம் தெம்பாகச் சாப்பிடட்டும் என்று பெரிய கணவாயாகப் பார்த்துப் பொரித்து அனுப்பினேன். அவர் கேட்டது ஒரு முட்டை. மனிதர் தட்டைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், சத்தமே இல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். இப்போதும் வருகிறார். வந்து முட்டைதான் கேட்கிறார். கேட்டுவிட்டு ஆசையோடு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நடுவில் பேரன் வேலை இடத்திலிருந்தே போனில் என்னவோ செய்து பார்த்தான். சீட்டில் இங்கிலீஷ் போய்விட்டது. அதற்குப் பதில் வரிசையாகக் கட்டம் கட்டமாக வந்தது. தமிழ் எழுத்தையே காணோம், காலி வீடுகள் மாதிரி வெறும் கட்டங்கள். நான் போன் போட்டு, "எத்தனை கட்டம் வந்தா என்னான்னு சொல்லு, அப்படியே பழகிக்கிறேன்" என்றேன். அவன் அவசரமாகத் திரும்ப எறும்பையே கொண்டுவந்து விட்டான்.

தினமும் வருகிறவர்கள் விஷயத்தில் மட்டும் எனக்குக் கவலையே இல்லை. அவர்கள் முகத்தைப் பார்த்தால் போதும், சீட்டே வேண்டாம். யாருக்கு எது என்பது எனக்கு மனப்பாடம். இப்படியே திங்கள்வரை ஓட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் புளோக்கிலேயே இருக்கிற ஒருவர், மாக் மண்டினில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறார். மதியம் எங்கள் கடையில் சாப்பிட்டுவிட்டு ஷிப்டுக்குப் போவார். வருஷக்கணக்காகத் தெங்கிரி மீனில் நடுத்துண்டுதான். ஒரு நாளும் மாற்றியதில்லை. அன்றைக்கு அவர் வந்து ஐந்தாம் மேசையில் உட்கார்ந்ததை ஜன்னலில் பார்த்தேன். அவருடைய சீட்டு வருவதற்கு முன்னாலேயே மீன் எண்ணெயில் இருந்தது. அதுவும் அன்றைக்கு நல்ல அகலமான துண்டு. இத்தனை குழப்பத்துக்கு நடுவில் ஒருத்தருக்காவது சரியாகச் செய்கிறோமே என்று கொஞ்சம் கூடுதல் மசாலா வேறு.

கூட்டம் அதிகம். ஆர்டர் எடுக்கிற பெண் வேறு மேசையில் இருந்தாள். மகளே தட்டை எடுத்துப்போனாள், காதில் போன், கண் கல்லாவில். இலைக்குப் பக்கத்தில் கூட வைக்கவில்லை, இலைமேலேயே மீனைச் சரித்துவிட்டு நகர்ந்தாள். அவர் கையைக் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கண்ணைத் திறந்தால் சோற்றுமேல் தெங்கிரி.

"அக்கா, இது யாருக்கு?"

"உங்களுக்குத்தான்ணே. அஞ்சாம் மேசை."

"நான் காய்கறிச் சாப்பாடுதானே கேட்டேன். இன்னிக்குக் காலையிலதான் கோயில்ல மாலை போட்டேன். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன்கா."

சட்டைக்குள்ளேயிருந்து மாலையை எடுத்துக் காட்டினார். கடையே சாப்பாட்டை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தது. என் எண்ணெய் மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. நிறுத்தலாம் என்றால் அதற்குள் வேறொருவருக்கு அப்பளம் போட்டிருந்தேன்.

அவர் எழுந்து கையைக் கழுவினார். பிறகு ஜன்னலுக்கு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

"ஏம்மா, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா."

"நீங்க வந்து ஒக்காந்தாலே என் கை தானா மீன எடுத்துருது தம்பி."

"என் கையும் அப்படித்தாம்மா. அதை நிறுத்தத்தான் மாலையே போட்டேன்."

அவர் குளித்துவிட்டு வருகிறேன் என்று மேலே போனார். மகள் உள்ளே வந்தாள். கம்பியில் குத்தி வைத்திருந்த ஐந்தாம் மேசைச் சீட்டை உருவி என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"படிங்க இதை."

"கண்ணாடியக் காணோம்."

"தலைமேல இருக்கு."

எடுத்துப் போட்டுக்கொண்டேன். வேறு என்ன செய்வது.

"அஞ்சு," என்றேன்.

"அது மேசை நம்பர். அதுக்குக் கீழ?"

"அதுக்குக் கீழ எறும்பு ஓடுது."

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை.

"இப்படி எப்பலேர்ந்து?"

"உன் மகனக் கேளு," என்றேன். கூட்டாளியைக் காட்டிக்கொடுக்க எனக்கு அவ்வளவு நேரம்தான் ஆயிற்று.

அவள் சத்தம் போடவில்லை. என் கையிலிருந்து கரண்டியை வாங்கி, ஆர்டர் எடுக்கிற பெண்ணிடம் கொடுத்தாள். என்னிடம் ஒரு கூடை வெங்காயத்தைத் தள்ளினாள். "திங்கக்கிழமை அவன் வரட்டும். அப்ப முடிவு பண்ணுவோம், நீங்க கீழ இருக்கிறதா மேல இருக்கிறதான்னு." அவள் கத்தும்போதெல்லாம் நான் பயந்ததே இல்லை. அன்றைக்குப் பயந்தேன்.

திங்கள் வரைக்கும் வெங்காயம்தான். அந்தப் பெண் என் குவாலியில் மீனைப் புரட்டுகிற சத்தத்தை முதுகால் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எண்ணெய் காய்வதற்கு முன்னாலேயே போடுகிறாள். சொல்ல வாயெடுத்தேன், மகள் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டு உரித்தேன்.

திங்கட்கிழமை பாதி ஷட்டரை இறக்கிவிட்டு, நடு மேசையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். மகள் நடுவில், நாங்கள் ரெண்டு பக்கம். பேரன் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்திருந்தான்.

"ஏன்டா அழிச்ச?" என்று ஆரம்பித்தாள் மகள்.

"ஆளு போனா அவன் சாமானும் போகணும்லாம்மா. புரோகிராம் இல்லாத இடத்துல அதோட செட்டிங் மட்டும் கிடந்தா யாரோடதுன்னே தெரியாது. எங்க வேலை இடத்துலயே ஒருத்தன் பழசை எடுத்துட்டு செட்டிங்க விட்டுட்டான். அப்புறம் புதுசு போட்டா, அது வந்து அந்தப் பழசையே படிச்சுட்டு, வேலையை விட்டுப் போனவங்களுக்கெல்லாம் லெட்டர் அனுப்பிக்கிட்டிருந்துச்சு. அதனாலதான் பேக்கேஜ் மேனேஜரே தானா அழிக்கணும்னு நான் சொல்றது."

"நம்ம வீட்டுக் கூரையில இருக்கே கொக்கி, அது யாரு போட்டது?" என்றேன் நான். "நமக்கு முன்னாடி இருந்த மலாய்க்காரங்க, தொட்டில் கட்டப் போட்டது. அவங்க போகும்போது அதை வழிச்சு எடுத்துட்டா போனாங்க? அதுலதான் உங்கம்மா தூங்குனா. நீ தூங்குன."

"யாரு போட்டதுன்னே சரியாத் தெரியாத கொக்கியில கொழந்தையத் தொங்க விட்டீங்களா? கழண்டு விழுந்திருந்தா?"

"அதான் முதல்ல அரிசி மூட்டையக் கட்டி ஆட்டிப் பாத்தேன்ல."

மகள் என் பக்கம் திரும்பினாள். "மூட்டையக் கட்டிப் பாத்தீங்க, சரி. மீன் போட்டீங்களே, அப்ப எதைக் கட்டிப் பாத்தீங்க? பழசு அப்படியே இருக்கும்னு நம்பித்தானே அண்ணன் இலையில மீனப் போட்டீங்க. அவன் சொல்றதும் சரிதானே."

   என் முன்னால் இருந்த தே ஓ, பால் ஊற்றாத டீ, ஆறிப்போயிருந்தது. அதைக் குடித்து முடித்தேன்.

"நான் கேட்காம பழச வச்சுக்கிட்டேன்," என்றேன். "இவன் கேட்காம பழச அழிச்சான். ரெண்டு பேருக்கும் வாய் இருந்துச்சு."

மகள் மகனைப் பார்த்தாள். "உன் மேனேஜருக்கு வாய் இருக்கா?"

"இருக்கும்மா. செட்டிங்க வச்சுக்கவா, அழிச்சுரவான்னு கேக்கும். நான்தான் கேக்காதன்னு சொல்லி வச்சிருந்தேன்."

"ஏன்?"

"ஒவ்வொரு தடவையும் கேட்டா சூசாம்மா, தொல்லை. பதில் சொல்லணும்."

"அவ்வளவு வேலையா அது?"

அவன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

"கேக்கச் சொல்லு," என்றாள் மகள். "அது கேட்டா, நீ பாட்டியக் கேளு. பாட்டி யாரக் கேக்கணும்னு அவங்களுக்கே தெரியும்."

தட்டினான். பிறகு முதலிலிருந்து அடிக்க ஆரம்பித்தோம். நான் பேர் சொல்ல, அவன் அடிக்க, மகள் பின்னால் நின்றாள்.

"நெத்திலி," என்றேன்.

"நெத்திலி, கருக்காதீங்க," என்றாள் மகள்.

"அது எதுக்கு?"

"அடிடா."

அப்பளத்துக்கும் ஒன்று சேர்த்தாள், கோழிக்கும் ஒன்று சேர்த்தாள். காய்கறிச் சாப்பாட்டுக்கு, "விரதமான்னு கேட்டாச்சு" என்று ஆர்டர் எடுக்கிற பெண் தட்டினால்தான் சீட்டே வெளியே வரும்படி வைக்கச் சொன்னாள். அடுப்பு எனக்கா இல்லையா என்பதை மட்டும் சொல்லவில்லை. நானும் அடுத்த பேர், அடுத்த பேர் என்று சொல்லிக்கொண்டே போனேன். பேர் தீர்ந்துவிட்டால் அதைப் பற்றிப் பேச வேண்டி வருமே என்று, நாங்கள் விற்காத ரெண்டு மீனின் பேரைக் கூடச் சொன்னேன். அவன் அதையும் அடித்தான்.

கடைசியில் ஒரு சீட்டை அச்சடித்து என் கையில் கொடுத்தார்கள். தமிழ் வந்திருந்தது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன், தெரியவில்லை. கையை நீட்டிப் பிடித்தேன், கொஞ்சம் தெரிந்தது. விளக்குக்கு நேரே திருப்பினேன். "தெங்... கிரி... நடு..." என்று நான் கூட்டுவதற்குள் உண்மையான மீனாக இருந்தால் கரியாகியிருக்கும். பழைய சீட்டையும் இப்படித்தான் படித்துக்கொண்டிருந்தேன். பாதி படிப்பு, பாதி உத்தேசம். அதை யாரும் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. இப்போது மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, முடிந்தது, நாளையிலிருந்து பால் டம்ளர்தான் என்று சீட்டைக் கீழே வைத்தேன்.

"எழுத்தைப் பெருசாக்கு," என்றாள் மகள்.

பேரன் பெரிசாக்கி இன்னொன்று அடித்தான். அவள் அதை வாங்கி என்னிடம் கொடுக்கவில்லை. அடுப்புக்கிட்டே போய், மெஷின் இருக்கிற இடத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"அங்கேர்ந்து தெரியுதா?"

"ம்... தெரியற மாதிரி இருக்கு."

"மாதிரி வேணாம். இன்னும் பெருசாக்குடா."

"அம்மா, இதுக்கு மேல போனா ஒரு வரிக்கு ஒரு வார்த்தைதான் வரும்."

"வரட்டும். நாளைக்குக் காலையில ஒம்போது மணிக்கு அவங்க இங்க நிக்கணும். இன்னும்."

இப்போது என் சீட்டுகள் கோயில் விசேஷத்துக்குக் கட்டுகிற பேனர் மாதிரி இருக்கின்றன. நாலு பேர் வந்து மீனும் நெத்திலியும் கோழியும் கேட்டால், சீட்டு மெஷினிலிருந்து இறங்கி என் இடுப்பைத் தொடுகிறது. கடையில் சாப்பிடுகிறவர்கள் ஜன்னல் வழியாகவே அதைப் படித்துவிட்டு, "பாட்டி, நெத்திலி கருக்காதீங்க" என்கிறார்கள். பேப்பர் ரோல் மதியத்துக்குள் தீர்ந்துபோகிறது. மகள் கூட்டத்துக்கு நடுவில் திட்டிக்கொண்டே உள்ளே வந்து வேறு ரோல் மாட்டிவிட்டுப் போகிறாள். எழுத்தைச் சின்னதாக்கலாமா என்று அவள் இதுவரை கேட்டதில்லை. இந்த ஒன்றை மட்டும் நானும் கேட்கப் போவதில்லை.